கயிற்றை இழுக்குமுன் ஐந்து நிமிடம்



தலைக்கு மேலே வண்ணக் குடை விரிந்திருக்க, முதுகில் எஞ்சினைச் சுமந்துகொண்டு மனிதர் வானில் பறப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பாராமோட்டார் என்பது அதன் பெயர். 1980-களில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கிய விளையாட்டு. "காசுள்ளவன் விளையாட்டு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த முதுகில் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். நம்மவர் தோட்டத்திலும் சாலையோரத்திலும் புல் வெட்டுகிற மெஷின்களில் பலவற்றில் இருப்பதும் அதே வகைதான். அளவும் விசையும்தான் வேறு.

இப்படிப் பறப்பவருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது? நடுவானில் எஞ்சின் நின்றுபோவதில் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் எஞ்சின் நின்றாலும் குடை விரிந்தேதான் இருக்கும். இறங்குவதற்கு வெட்டவெளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், சறுக்கிக்கொண்டே வந்து இறங்கிவிடலாம். தரையில் எஞ்சினைக் கிளப்பும் நேரம் அப்படியல்ல. வேக விசையின் கேபிள் சிக்கிக்கொண்டு, எஞ்சின் எடுத்த எடுப்பில் முழு வேகம் பிடித்தால், ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள விசிறி கையையும் தோளையும் வெட்டிவிடும். இந்த விளையாட்டில் விரலை இழந்தவர்களில் பலர் பறக்கும்போது இழக்கவில்லை. தரையில் நின்று எஞ்சினைக் கிளப்பும்போதுதான் இழந்தார்கள்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் எஞ்சின் ஊமையாய் இருக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். விசிறியில் கீறல் உண்டா, அதன் போல்ட்டுகள் இறுக்கமா, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா, பெட்ரோல் குழாய் கசிகிறதா, கால்வார் பூட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். வேக விசையை அழுத்திவிட்டால் தானே திரும்புகிறதா என்பதையும் சோதிக்கிறார்கள். நேற்றுச் சரியாக இருந்ததே என்று இன்று விட்டுவிடுவதில்லை.

இனி நம் மெஷினுக்கு வருவோம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லாவிட்டால், பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்தான் அதன் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்பு. எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிக்கிக்கொள்ளும்; கூடினால் புகை கக்கி, பிளக் கரி பிடிக்கும். 25-க்கு 1 என்று மெஷினின் கையேடு சொன்னால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாயிருந்தால் எண்ணெய் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுமீறிச் சூடாகிறது. உடனே பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அடுத்து கத்தி. கீறல் விட்ட கத்தியைத் தட்டி நிமிர்த்தி மாட்டாதீர்கள்; தூக்கி எறியுங்கள். அதன் நட்டு பெரும்பாலும் இடப்புரியாக இருக்கும். வழக்கத்துக்கு மாறாகத் திருப்பினால்தான் இறுகும். கிளப்பிய பிறகு, விசையைத் தொடாதபோது கத்தி சுற்றக்கூடாது. சுற்றினால் அன்று வேலைக்கு எடுக்காதீர்கள். நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். கத்தியில் சிக்கிய புல்லை எடுக்குமுன் எஞ்சினை நிறுத்தி, பிளக்கின் தொப்பியையும் கழற்றிவிடுங்கள்.

சிலர் கத்தியின் தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெட்டுகிறார்கள். வேலை வேகமாக நடக்கிறதாம்! கத்தி தெறிக்கும் கல் தோட்டா போலப் போகும். கண்ணாடி போடாத கண்ணுக்கு மறு கண் கடையில் கிடைக்காது. மற்றவர்கள் 15 மீட்டருக்கு அப்பால் நிற்கட்டும். "அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகிறேன்" என்று ஓடுகிற பிள்ளைக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள். அப்பா எஞ்சினை நிறுத்திக் கையசைத்த பிறகுதான் கிட்டே போக வேண்டும்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கலந்து வைத்த பெட்ரோலைச் சர்பத் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ வைக்க விடாதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கென்று ஒரு டின் வைத்து, பெயர் எழுதி, அடுப்பங்கரைக்கு அப்பால் பூட்டி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த கலவையை எஞ்சினில் ஊற்ற வேண்டாம். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதும், ஊற்றிய இடத்திலேயே கிளப்புவதும் தீயை விலைகொடுத்து வாங்குவதாகும். எஞ்சின் ஆறட்டும், மூன்று மீட்டர் தள்ளிப்போய்க் கிளப்பட்டும்.

"வாத்தியாரே, குத்தகை வேலையில் இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பவர்களை நான் அறிவேன். வெட்டிய அளவுக்குத்தான் கூலி என்பதும் தெரியும். ஆனால் ஐந்து நிமிடத்தில் குறைகிற கூலி எவ்வளவு? ஒரு கால் போனால் குறைகிற கூலி எவ்வளவு? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். வானில் பறப்பவன் விளையாட்டுக்காகச் சோதிக்கிறான். நம்மவரோ குடும்பத்தின் வயிற்றுக்காக அந்த எஞ்சினைச் சுமக்கிறார். சோதிக்க வேண்டிய அவசியம் யாருக்கு அதிகம்?

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், எழுதப் படிக்கத் தெரிந்த உங்கள் பிள்ளையைக் கொண்டு மேலே சொன்னவற்றை ஓர் அட்டையில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். மெஷின் வைக்கும் இடத்தில் அதைத் தொங்கவிடுங்கள். நாளைக் காலை கயிற்றை இழுக்குமுன் அப்பா அதை ஒருமுறை வாசிக்கட்டும்.