தங்கச்சி வீட்டுப் படகு

போன வருஷம் தங்கச்சி வீட்டுக்கு அமெரிக்கா போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா? அங்கத்திய அடுப்படியைப் பற்றிப் போன இதழில் எழுதினேன். இந்தத் தடவை படகு. சிரிக்காதீர்கள் சகோதரிகளே, இதுவும் குடும்ப விஷயம்தான்.

தங்கச்சி இருப்பது ஃப்ளோரிடாவில் டாம்பா என்ற ஊர். ஊரை ஒட்டியே வளைகுடா. கரையோரம் நம் பிச்சாவரம் போல அலையாத்திக் காடு. மாப்பிள்ளைக்குத் தூண்டில் பைத்தியம். ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டுக்குத்தான் வருவார். வாரம் முழுக்க இருவருக்கும் வேலை. கிடைக்கிற ஒரு நாளும் இப்படிப் போனால்? நான் போய் இறங்கியபோது இருவருக்கும் பேச்சு அநேகமாக நின்றிருந்தது. "அக்கா, அத்தானுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பாள். அத்தான் எதிரேதான் உட்கார்ந்திருப்பார்!

இந்த நேரத்தில்தான் அவர் காலால் மிதித்து ஓட்டும் கயாக் வாங்கப் போவதாகச் சொன்னார். கயாக் என்பது ஒடுங்கலான சிறு படகு. மிதிக்கிற மாதிரியில் துடுப்பு பிடிக்க வேண்டாம். கை இரண்டும் தூண்டிலுக்கு. ஒருவர் மட்டும் உட்காரும் படகு என்றதும் தங்கச்சி முகம் சுருங்கிப் போயிற்று.

"இரண்டு பேர் உட்காருவதாக வாங்கினால் என்ன?" என்று கேட்டு வைத்தேன்.

"மதினி, அதுல ஒத்த ஆளா போனா மூக்கு தூக்கிக்கிடும். காத்து திருப்பிப் போட்டுரும்" என்றார். அவளோ, "எனக்கு நீச்சலே தெரியாதே" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். ஆகவே மூன்று பேருமாகக் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

முதலில் அந்த மூக்கு விவகாரம். இருக்கை இரண்டும் நகராத படகில் ஒருவர் பின்னால் உட்கார்ந்தால் முன்பக்கம் மேலே எழும்பத்தான் செய்கிறது. இருக்கையை நடுப்பக்கம் தள்ளிப் போட முடிந்தால் சரியாகிவிடும். முடியாவிட்டால் ஐஸ் பெட்டியையும் தண்ணீர் கேனையும் முன்னால் வைத்துச் சமன் செய்யலாம். முன்னிருக்கையைக் கழற்ற முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கழற்றினால் தனியாகப் போகிறவருக்குச் சாமான் வைக்க அதுவே நல்ல இடம்.

அடுத்தது எடை தாங்கும் கணக்கு. கடைக்காரர் ஐந்நூறு பவுண்டு என்று பெருமையாகச் சொன்னார். மளிகைச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன். 500 பவுண்டு என்றால் சுமார் 227 கிலோ. ஆனால் அதில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவாகவே ஏற்றினால்தான் படகு இதமாக ஓடும் என்கிறார்கள். 70 சதம் என்றால் 159 கிலோ. மாப்பிள்ளை 82, தங்கச்சி 64, சாமான் 20. ஆகமொத்தம் 166! அந்தப் படகு வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். 550 பவுண்டு தாங்குவதைப் பார்த்தோம். 249 கிலோ, எழுபது சதம் 174. போதும்.

மிதிப்பதில் இரண்டு தினுசு. ஒன்று சைக்கிள் போலச் சுற்றுவது. அடியில் காற்றாடி மாதிரி ஒன்று சுழலும். பின்னால் மிதித்தால் படகும் பின்னால் வரும். மீன் தூண்டிலை இழுத்துக்கொண்டு வேருக்குள் ஓடும்போது அது ரொம்ப உதவி. ஆனால் கடற்புல் சுற்றிக்கொள்ளும். மற்றது, கால்களை மாற்றி மாற்றி முன்னால் தள்ளுவது. அடியில் இரண்டு துடுப்புச் சிறகுகள் அசையும். ஆழம் குறைந்த இடத்தில் சிறகுகளை மடக்கி வைத்துக்கொள்ளலாம். பின்னால் போகும் வசதி பழைய மாதிரிகளில் கிடையாது, புதியவற்றில் உண்டு. 1997-இல் இதைக் கொண்டுவந்த ஹோபி கம்பெனி அதற்கு முன்பே 'ஹோபி கேட்' என்ற பாய்மரப் படகால் பெயர் வாங்கியது. அந்தக் 'கேட்' நம் கட்டுமரம்தானாம்! கேட்டதும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

ஒரு கடையில் ஏரியில் இறக்கி ஓட்டிப் பார்க்க விட்டார்கள். அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. சைக்கிள் தினுசில் தங்கச்சிக்குக் கால் எட்டவில்லை! ஐந்தடி ஒரு அங்குலம்தானே அவள்? எட்டி எட்டி மிதித்ததில் முழங்கால் வலி வேறு. அதுவரை எந்த விற்பனைக்காரரும் அவள் உயரத்தைக் கேட்கவேயில்லை; எல்லாம் மாப்பிள்ளையிடம்தான் பேச்சு. தள்ளும் தினுசில் மிதியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்ததும் சுலபமாக இருந்தது. இருவருக்கும் தனித்தனி மிதி. ஒருவர் ஓய்ந்தாலும் மற்றவர் ஓட்டலாம்.

கடைசியில் பழைய படகு ஒன்றுதான் வாங்கினார்கள். புதுசின் விலை கேட்டு நான் பதறிவிட்டேன். கவிழ்த்துப் போட்டு, மிதி பொருத்தும் துளையைச் சுற்றியும் தண்ணீர் வடியும் ஓட்டைகளிலும் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம், மண்சட்டி வாங்குவது போல. ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். இரண்டு சக்கர வண்டி ஒன்று வாங்காமல் மாப்பிள்ளை தனியாக இழுக்க முடியாது என்று அதையும் சேர்த்து வாங்கச் சொன்னேன்.

நான் போட்ட நிபந்தனை ஒன்றே. தங்கச்சி நீச்சல் வகுப்பில் சேர வேண்டும், அதுவரை அலையில்லாத கரையோரம் மட்டும். மிதவைச் சட்டை படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். விசிலும் கூட. கோடை மதியத்தில் அங்கே இடி மின்னல் வரும், அதற்குள் கரை சேர வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, மறுபடி ஏறப் பழகினார்கள். முதல் தடவை தங்கச்சி அழுதே விட்டாள். நாலாவது தடவை, "அத்தான், நீங்க தள்ளுங்க, நான் ஏறிக்கிடுதேன்" என்றாள். என்னை நடுவில் வைக்காமல் நேராக அவரிடமே!

இப்போது சனிக்கிழமை விடியலில் அவர் மட்டும், ஞாயிறு இருவருமாக. ஊருக்குக் கிளம்புமுன் கடைசி ஞாயிறு, முன்னிருக்கையிலிருந்த தங்கச்சிக்கு நம்மூர்ச் சங்கரா இனத்து மீன் இரண்டு மாட்டியது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தேங்காய் அரைத்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். "மதினி, இது என் மீன் இல்லியே, எனக்கு உண்டா?" என்று தட்டை நீட்டினார். தங்கச்சிதான் பரிமாறினாள்.