போட்டோவை விட வீடியோ ஏன் அதிகம் உலுக்குகிறது?

விபத்து வீடியோ ஒன்று போனில் தானாக ஓட ஆரம்பித்தால், விரலால் தள்ளிவிடுவதற்குள் மனசு பதறிவிடுகிறது. காரணம், அசைவு. ஒரே காட்சியைப் போட்டோவாகவும் வீடியோவாகவும் காட்டி 1990-களின் இறுதியில் ஆய்வுகள் நடந்தன. அசைவு சேர்ந்ததும் படபடப்பு கூடியது. இனிய காட்சி இன்னும் இனித்தது, கொடூரம் இன்னும் உறுத்தியது.

அதற்காக போட்டோ சளைத்ததல்ல. வியட்நாம் போரில், 1968 பிப்ரவரி 1 அன்று சைகோன் தெருவில் கைதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டதை டிவி கேமராவும் பதிவு செய்தது. ஆனால், உலகின் நினைவில் நின்றது எடி ஆடம்ஸ் எடுத்த போட்டோதான்.

போட்டோவை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பது நம் கையில். தானாக ஓடும் வீடியோ அந்த உரிமையைப் பறிக்கிறது. கொடூரக் காட்சிகள், தொட்டால் மட்டுமே ஓட வேண்டும்; அதைச் செயலி நிறுவனங்கள்தான் செய்ய வேண்டும். அதுவரை, செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை ஆஃப் பண்ணிவிடலாம்.