கடை மாறினால் விலை இறங்கும் என்னும் நம்பிக்கை

மளிகைப் பொருள்களின் விலை ஏறும்போதெல்லாம் நுகர்வோருக்குச் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு. ஒரே கடையை நம்பியிராமல் நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரித்து வாங்க வேண்டும், கண்டபடி விலை வைக்கும் கடையைப் புறக்கணிக்க வேண்டும், அப்போது கடைக்காரர் தாமாகவே வழிக்கு வருவார் என்பதே அது. அமைச்சர்களும் வணிக நிறுவனப் பேச்சாளர்களும் நாளிதழ்களின் குடும்பப் பக்கங்களும் ஒத்த குரலில் சொல்லும் இந்த அறிவுரைக்கு அடியில் கிடப்பது, விலையை இறுதியில் தீர்மானிப்பவர் வாங்குபவரே, ஆகவே விலை உயர்ந்தே நிற்குமானால் வாங்குபவரின் அசட்டையும் அதற்கு ஒரு காரணம் என்னும் நம்பிக்கை. அது பிழையான நம்பிக்கை. விலையை உயர்த்தியவர் மேல் விழ வேண்டிய பழியை அதைக் கொடுத்து வாங்குகிறவர் மேல் போடுவதால் தீங்கானதும்கூட. கனடாவின் மளிகைச் சந்தையில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்தவை இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

2022ஆம் ஆண்டில் கனடாவில் கடைகளில் விற்கும் உணவுப் பொருள்களின் விலை 9.8 விழுக்காடு உயர்ந்தது. 1981க்குப் பிறகு ஓராண்டில் இத்தனை உயர்வு கண்டதில்லை. அடுத்த ஆண்டுகளில் உயர்வின் வேகம் தணிந்தாலும் ஏறிய விலை ஏறியபடியே நின்றதால் மக்களின் பொறுமை தீர்ந்தது. நாட்டின் மிகப் பெரிய மளிகை நிறுவனமான லொப்லாவின் கடைகளில் 2024 மே மாதம் முழுவதும் எதையும் வாங்குவதில்லை என்ற இயக்கம் பொதுமக்களிடையே எழுந்தது. அதில் சேர்ந்தவர்களின் கோபம் நேர்மையானது, அதற்கான காரணமும் மெய்யானது. ஆனால் ஜூன் நடுவில் முடிந்த காலாண்டுக்கு நிறுவனம் வெளியிட்ட கணக்கில் மொத்த வருவாய் 1.5 விழுக்காடு கூடிச் சுமார் 1,395 கோடி டாலர் ஆகியிருந்தது. புதிதாகத் திறந்த கிளைகளைச் சேர்க்காமல் பழைய கிளைகளின் உணவு விற்பனையை மட்டும் ஒப்பிடும் அளவீடும் 0.2 விழுக்காடு என்ற சிறு வளர்ச்சியையே காட்டியது. விற்பனையின் வளர்ச்சி மந்தப்பட்டதே தவிர விற்பனை குறையவில்லை. அதே காலாண்டில் நிகர இலாபம் 10 விழுக்காடு சரிந்து 45 கோடியே 70 லட்சம் டாலர் ஆனது உண்மையே. ஆனால் அந்தச் சரிவுக்குக் காரணம் ரொட்டி விலை தொடர்பாக மக்கள் தொடுத்த கூட்டு வழக்கை முடித்துக்கொள்ள ஒதுக்கிய தொகை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரு மாதம் முழுவதும் கடையை மாற்றிக் கொடுக்க முடியாத அடியை நீதிமன்றத்தில் இருந்த ஒரு வழக்கு கொடுத்தது.

கடையை மாற்றியும் பயன் விளையாததற்கு முதற்காரணம் கடைகளின் உடைமை. லொப்லாவின் பெயர்ப்பலகையைத் தவிர்த்து மலிவு விலைக் கடையான நோ ஃபிரில்ஸுக்குப் போகும் குடும்பம் லொப்லாவின் கடைக்கே போகிறது; ரியல் கனேடியன் சூப்பர்ஸ்டோரும் ஃபோர்டினோஸும் அதன் கடைகளே. 1998இல் கியூபெக்கின் பிரோவிகோவையும், 2009இல் கிழக்காசிய உணவுப் பொருள்களுக்குப் பேர்போன டி அண்ட் டி கடைகளையும், 2014இல் மூலைக்கு மூலை இருக்கும் ஷாப்பர்ஸ் டிரக் மார்ட் மருந்துக்கடைகளையும் அந்நிறுவனம் வாங்கிவிட்டது. அதற்குப் போட்டியாகச் சொல்லப்படும் மற்ற இரண்டு நிறுவனங்களும் இவ்வாறே வளர்ந்தவை. சோபீஸ் 1998இல் ஓஷாவா குழுமத்தையும் 2013இல் கனடாவின் சேஃப்வே கடைகளையும் வாங்கியது. அதன் மலிவுக் கடைக்குப் பெயர் ஃபிரெஷ்கோ. மெட்ரோ 2005இல் ஏ அண்ட் பி நிறுவனத்தின் கனடியக் கிளைகளை வாங்கியது. அதன் மலிவுக் கடை ஃபுட் பேசிக்ஸ். வணிகப் போட்டியைக் குலைக்கும் செயல்களை விசாரிக்கும் கூட்டாட்சி அமைப்பான போட்டிப் பணியகம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 1986இல் தனித்தனி உடைமையில் குறைந்தது எட்டுப் பெரிய மளிகை நிறுவனங்கள் இருந்ததை நினைவூட்டி, இன்று இந்த மூன்றும் வால்மார்ட், காஸ்ட்கோ ஆகிய இரண்டு வெளிநாட்டு நிறுவனங்களுமாக ஐந்து பேர் உணவு விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் வைத்திருக்கிறார்கள் என்று பதிவு செய்தது. விற்பவர் மிகச் சிலராகச் சுருங்கிய இந்நிலையைப் பொருளியலார் சில்லோர் முற்றுரிமை என்பர். இத்தகைய சந்தையில் ஒருவர் விலையை உயர்த்தினால் மற்றவர் அதைக் கண்டு தாமும் உயர்த்துவதே இலாபம். அதற்கு அவர்கள் பேசிவைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. பொருளின் கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் மொத்த இலாப விகிதம் உணவுப் பொருள்களில் 2017க்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருப்பதாக அதே அறிக்கை கண்டறிந்தது. போட்டி உயிரோடிருக்கும் சந்தையில் அந்த இடைவெளி குறைந்திருக்க வேண்டும்.

ரொட்டியின் வரலாறு இதனினும் கொடியது. தானும் தன் உரிமையாளரான ஜார்ஜ் வெஸ்டன் நிறுவனமும் விலைக்கூட்டில், அதாவது போட்டியிட வேண்டியவர்கள் மறைவாகக் கூடிப் பேசி விலையை ஒன்றுசேர உயர்த்தும் குற்றச்செயலில், ஈடுபட்டதாக 2017 டிசம்பரில் லொப்லா ஒப்புக்கொண்டது. அந்தக் கூட்டு 2001இல் தொடங்கி 2015 வரை நீடித்தது. போட்டிப் பணியகம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணங்களின்படி அதன் முறை எளிமையானது: ரொட்டி ஆலை கடைக்குக் கொடுக்கும் விலையை 7 சென்ட் உயர்த்தும், கடை மக்களுக்கு விற்கும் விலையை 10 சென்ட் உயர்த்தும், இடையில் நிற்கும் 3 சென்ட் கடைக்குச் சேரும். கூட்டைத் தாமே முன்வந்து காட்டிக்கொடுத்ததால் அவ்விரு நிறுவனங்களுக்கும் குற்ற வழக்கிலிருந்து விலக்குக் கிடைத்தது. பணியகம் பெயர் சுட்டிய மற்றக் கடை நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. ரொட்டி ஆலையான கனடா பிரெட் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. இந்தப் பதினான்கு ஆண்டுகளில் எத்தனை குடும்பத் தலைவிகள் ஒரு ரொட்டிக்குப் பத்துச் சென்ட் மிச்சம் பிடிக்க ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நடந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த மலிவு விற்பனைத் தாளிலும் அச்சாகாத, எந்தக் கடை வாசலிலும் விசாரித்து அறிய முடியாத ஒன்றை அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் எவ்வாறு கண்டுபிடித்திருக்கும்? அதைத் தேடிப் பார்க்கும் அதிகாரம் சட்டத்திடம் மட்டுமே இருந்தது. சட்டமும் மிகத் தாமதமாகவே விழித்தது.

விலை விசாரித்து வாங்கும் பழக்கம் வாங்குபவருக்குச் சில டாலர்களை மிச்சப்படுத்துகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது அந்தப் பழக்கம் எல்லாருக்குமான விலையை இறக்குகிறது என்ற முடிவை. அமெரிக்கப் பொருளியலாளர் ஹால் வேரியன் 1980இல் வெளியிட்ட ஆய்வு, கடைகள் அவ்வப்போது மலிவு விற்பனை அறிவிப்பதற்குக் காரணம் விலை தேடுபவரையும் தேட இயலாதவரையும் பிரித்து இரு சாராரிடமும் வெவ்வேறு விலை பெறுவதே என்று விளக்கியது. தேடுபவருக்குக் கிடைக்கும் சலுகையும் தேட இயலாதவர் கொடுக்கும் கூடுதல் விலையும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள். தேட இயலாதவர் யார் என்றால், மகிழுந்து இல்லாதவர், இரண்டு வேலை பார்ப்பவர், கைக்குழந்தையை விட்டுவிட்டு நகர முடியாதவர், முதியவர். ஒன்ராறியோவில் பால் பெரும்பாலும் 4 லிட்டர் பையில் விற்கப்படுகிறது. பனிக்காலத்தில் அந்தப் பையோடு அரிசியும் காய்கறியும் சுமந்துகொண்டு இரண்டு பேருந்து மாறி வீடு திரும்பும் ஒருவரிடம், மூன்றாவது கடையில் வெங்காயம் மலிவு என்று சொல்வது அறிவுரை ஆகாது.

சில கடைகள் தரும் விலை நேர்செய்தல் உறுதிமொழியும் நுகர்வோரின் வெற்றியாகப் பேசப்படுகிறது. போட்டிக் கடையின் விளம்பரத் தாளில் உள்ள குறைந்த விலையைக் காட்டினால் அதே விலைக்குத் தருவோம் என்பதே இந்த உறுதிமொழி. போட்டிப் பொருளியலைக் கற்றவர்கள் இதை ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தான் விலையைக் குறைத்த மறுகணமே எதிராளியும் அதே விலைக்குக் கொடுப்பார் என்று தெரிந்தால், விலை குறைத்து வாடிக்கையாளரை இழுக்கும் ஆசை எந்தக் கடைக்கும் வராது. வாடிக்கையாளர்களே சம்பளமில்லாத ஒற்றர்களாகிப் போட்டியாளரின் விலையைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள்.

டொரன்டோவின் ஸ்காபரோ பகுதியில் வாழும் தமிழர்களுக்கு இந்த நெருக்கடியில் ஓரளவு மாற்றுவழி உண்டு. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், மீன், முருங்கைக்காய் போன்றவற்றைப் பெருநிறுவனங்களின் பிடிக்கு வெளியே நிற்கும் தமிழ்க் கடைகளில் வாங்க முடிகிறது. அத்தகைய சிறு கடைகள் உண்மையான போட்டியின் எஞ்சிய வடிவங்கள் என்பதால் அவற்றை ஆதரிப்பது நல்லதே. ஆனால் பால், முட்டை, கோழி ஆகியவற்றுக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. அவற்றின் உற்பத்தியைக் கனடா வழங்கல் மேலாண்மை என்ற முறையில், அதாவது பண்ணைகளுக்கு உற்பத்தி அளவை ஒதுக்கி இறக்குமதியையும் கட்டுப்படுத்தும் முறையில், நடத்துகிறது. பண்ணையில் பாலுக்குக் கொடுக்கும் விலை கனடிய பால் ஆணையத்தின் கணக்கீட்டை ஒட்டி அமைகிறது. அந்த முறை உழவருக்கு நன்மையா தீமையா என்பது வேறு விவாதம். எந்தக் கடையின் வாசலை மிதித்தாலும் பாலின் அடிவிலை மாறாது என்பதே இங்கு வேண்டிய செய்தி.

புறக்கணிப்பு வென்ற இடங்களும் இருக்கின்றனவே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அது நியாயமான கேள்வி. 2006இல் அரசின் விலைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு தொடர்ந்து விலை ஏறிய காட்டேஜ் பாலாடைக்கட்டியை இஸ்ரேல் மக்கள் 2011 ஜூனில் புறக்கணித்தார்கள். விலை உடனே சுமார் 24 விழுக்காடு இறங்கி, இறங்கிய நிலையிலேயே நின்றது. ஆனால் இகால் ஹெண்டல், சாவுல் லாக், யோசி ஸ்பீகல் ஆகியோர் அந்நிகழ்வை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை, விற்பனைச் சரிவை மட்டும் கணக்கிட்டால் நிறுவனங்கள் அவ்வளவு இறங்கியிருக்க வேண்டியதில்லை என்றும், புறக்கணிப்பு வேறு பொருள்களுக்கும் பரவும், அரசு மீண்டும் விலையைக் கட்டுப்படுத்தும், கூட்டு வழக்குகள் வரும் என்ற அச்சங்களே அவற்றைப் பணியவைத்தன என்றும் முடிவு கண்டது. குரோவேஷியாவில் 2025 ஜனவரி 24ஆம் நாள் வெள்ளிக்கிழமை மக்கள் கடைகளுக்குப் போகாமல் நின்றபோது, முந்தைய வெள்ளியைவிட ரசீதுகளின் எண்ணிக்கை 44 விழுக்காடு குறைந்ததாக வரித்துறை அறிவித்தது. அதையடுத்து அரசு விலை வரம்புக்கு உட்பட்ட பொருள்களின் பட்டியலை 30இலிருந்து 70ஆக விரிவாக்கியது. அமெரிக்காவில் 1973 ஏப்ரல் முதல் வாரத்துக்கு இறைச்சிப் புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டபோது, அது தொடங்கும் முன்பே அதிபர் நிக்சன் இறைச்சிக்கு விலை உச்சவரம்பு விதித்தார். இந்த மூன்று இடங்களிலும் வேலை செய்தது அரசின் கை, அல்லது அது நீளும் என்ற பயம். புறக்கணிப்பு ஓர் அரசியல் செயலாக இருக்கும்போது வலிமை பெறுகிறது; சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்போடு நடத்தும்போது அந்த வலிமையை இழக்கிறது. லொப்லாவுக்கு எதிரான இயக்கத்திலும் அரசுக்கு வைத்த கோரிக்கைகள் இருந்தன. ஆனால் பொதுப்பேச்சு முழுவதும் விற்பனை குறைந்ததா இல்லையா என்ற கணக்கிலேயே சுற்றிச்சுற்றி வந்ததால் அக்கோரிக்கைகள் காதில் விழாமல் போயின.

மிக உறுதியாகப் பற்றியிருக்க வேண்டிய கோரிக்கை சொத்துக் கட்டுப்பாடு பற்றியது. வணிக வளாகம் ஒன்றில் இடம்பிடிக்கும் மளிகை நிறுவனம், அதே வளாகத்தில் வேறு மளிகைக் கடைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நில உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொள்வதும், தான் விட்டுப்போகும் நிலத்தை விற்கும்போது அங்கே மளிகை விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைப்பதும் இதில் அடங்கும். கடை மாறச் சொல்கிறவர்கள், மாறுவதற்கு இன்னொரு கடை வரவிடாமல் செய்யும் இந்தப் பத்திரங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. போட்டிப் பணியகம் 2024இல் சோபீஸ், லொப்லா இரண்டின் சொத்துக் கட்டுப்பாடுகளையும் விசாரிக்கத் தொடங்கியது. இணைப்பினால் போட்டி குறைந்தாலும் செலவு மிச்சமாகும் என்று காட்டினால் போதும், இணைப்பை அனுமதிக்கலாம் என்று 1986 முதல் சட்டத்தில் இருந்த விதிவிலக்கை நாடாளுமன்றம் 2023 டிசம்பரில் நீக்கியது. எட்டு நிறுவனங்கள் மூன்றாக ஒடுங்கிய பிறகு வந்த அந்தத் திருத்தம் பழைய இணைப்புகளைக் கலைத்துவிடவில்லை. மானிடோபா மாகாணம் 2025இல் மளிகைக் கடைகளின் சொத்துக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகத் தனிச்சட்டமே இயற்றியது.

அடுத்த புறக்கணிப்பை அறிவிக்கப்போகிறவர்கள் தம் மாகாணத்திலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வைத்து, கடைக்குப் போகாமல் மிஞ்சும் நேரத்தில் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். தம் தொகுதியில் எந்தெந்த வளாகங்கள் இத்தகைய ஒப்பந்தங்களால் பூட்டப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலை அவரிடம் கேட்டுப் பெற வேண்டும்.