வண்டியில் ஏறாத பாட்டு

பரமக்குடியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேன் பிடித்துப் போகும்போது பாட்டு விஷயத்தில் எங்கள் செட்டுக்குள் சண்டை வந்ததே இல்லை. இதை வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பட்டியல் எழுதியது எப்போதும் அதே இரண்டு மூன்று பேர். மற்றவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டால்தானே மறுப்பார்கள்?

கேசட் காலத்தில் கேட்டே ஆகவேண்டிய நிலைமை இருந்தது, அப்போதும் கேட்கவில்லை. ரெக்கார்டிங் சென்டரில் நோட்டுத்தாளைக் கிழித்துப் பாட்டும் படமும் எழுதிக் கொடுத்துவிட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. தொண்ணூறு என்றால் இருபது. ஒன்றைச் சேர்க்க இன்னொன்றை அடிக்க வேண்டும். தொண்ணூறு நிமிடக் கேசட்டின் ஏ சைடு சத்திரக்குடி தாண்டி ராமநாதபுரம் வரைக்கும் வரும். உச்சிப்புளி, மண்டபம் எல்லாம் பி சைடு. 1988இல் ரோட்டுப் பாலம் திறந்த பிறகு, பாம்பனில் கடல் தெரிகிற நேரத்தில் எந்தப் பாட்டு வரவேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுவோம். கேணிக்கரையில் யாராவது டீ குடிக்க இறங்கினால் கணக்குக் கெட்டுப்போகும். டேப்பை நிறுத்தி வைத்தால் போதாதா என்று இப்போது தோன்றலாம். எங்கள் டிரைவர்களுக்கு டேப் நின்றால் தூக்கம் வரும். அவர்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று மட்டும் கேட்டதில்லை. டேஷ்போர்டில் கிடந்த அவர்களுடைய கேசட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எங்களுடையதைச் செருகுவோம்.

கமல் பாட்டில்லாமல் எங்கள் பட்டியல் தொடங்காது. 1954இல் இந்த ஊரில் பிறந்தவர். அந்த உரிமை எங்களுக்கு. 1992 தீபாவளிக்கு ‘தேவர் மகன்’ வந்தது. இளையராஜா இசை, கமலே எழுதிய கதை. அதில் தேவர் பெருமையைப் புகழ்கிற அந்தப் பாட்டு ஊர் ஊராக வண்டிகளில் ஏறிக்கொண்டது. தெற்கத்திச் சீமையில் அது படப்பாட்டாக மட்டும் நிற்கவில்லை. எந்தத் தெரு வழியாகப் போகும்போது எவ்வளவு சத்தத்தில் வைப்பது என்பதில் வேறு அர்த்தம் வந்துவிட்டது. நாங்களும் வைத்தோம். எங்களில் சிலர் அந்தப் பாட்டு வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். காற்று வாங்குகிறார்கள் என்று நினைத்தோம். நினைத்தோம் என்பதும் முழு உண்மை இல்லை. யார் எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டே பழகுகிற ஊர் இது. 1957இல் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்ட ஊர். 2011 செப்டம்பரில் அவர் நினைவு நாளன்று ஐந்துமுனையில் துப்பாக்கிச் சூடு நடந்த ஊர். ஆண்டுதோறும் செப்டம்பரிலும் அக்டோபரிலும் மாவட்டத்தில் தடை உத்தரவு வரும், வாடகை வண்டிகளை மறிப்பார்கள். இவ்வளவும் தெரிந்தவர்களுக்கு வேனின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவனின் முகம் மட்டும் தெரியாமல் போயிற்று. படத்தின் முடிவில் வெட்டுக்குத்தை விட்டுவிடச் சொல்கிறார் கமல். பாட்டுக் கேசட்டில் அந்த முடிவு கிடையாது.

அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போம் என்று எங்களில் ஒருவர் இன்றும் சொல்கிறார். சொல்ல வேண்டிய வேலையை அவன் தலையில் வைத்துவிட்டு நாங்கள் நல்லவர்களாக இருந்துகொண்டோம்.

பெருநாளைக்குப் பிரியாணி கொண்டுவந்த நண்பன் ஒரு கேசட்கூடக் கொண்டுவந்ததில்லை. அவன் வீட்டில் இசைமுரசு நாகூர் ஹனிபாவின் குரல் எந்நேரமும் கேட்கும். தி.மு.க. மேடையில் அந்தக் குரல் எழுந்தால் கூட்டத்தோடு கை தட்டியவர்கள் நாங்கள். வேனுக்குள் மட்டும் அது ‘அவங்க பாட்டு’. பேருக்கு முன்னால் நாகூர் இருந்ததால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் என்று விட்டுவிட்டோம். அவர் பிறந்தது நாங்கள் டீ குடிக்க நிறுத்துகிற ராமநாதபுரத்தில்.

ஆற்றுக்கு அக்கரை எமனேஸ்வரம், இக்கரையிலும் பாதித் தெருக்களில் தறிச்சத்தம். சௌராஷ்டிரம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் எங்கள் செட்டில் எப்போதும் உண்டு. அவர்கள் வீடுகளில் நடனகோபால நாயகி சுவாமிகளின் கீர்த்தனைகள் பாடுவார்கள். 1843இல் மதுரையில் பிறந்த அவர், யோகம் கற்க இதே பரமக்குடிக்கு வந்தவர். அந்தப் பாட்டைச் சேர்க்கலாமா என்று ஒருவன் ஒருமுறை இழுத்தான். மொழி புரியாதே மாப்ள என்றோம். இந்தி ஒரு வார்த்தை புரியாமல்தான் ‘ஏக் தூஜே கே லியே’ கேசட்டை நாடா தேயத் தேயக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு அவன் எதையும் இழுக்கவில்லை.

பாட்டை வரிசைப்படுத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பும் இருந்தது. வேகமான பாட்டில் தொடங்கி, மெலடிக்கு இறங்கி, கடைசியில் குத்துப் பாட்டு. ஒரு கச்சேரியில் எதை முதலில் பாடுவது, எதை நடுவில் விரிப்பது, எதைச் சின்னச் சின்னதாகக் கடைசியில் தருவது என்று இன்றைய கர்நாடகக் கச்சேரிக்கு உருவம் கொடுத்தவராக அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். வர்ணத்தில் தொடங்கி, ராகம் தானம் பல்லவியைக் கடந்து, துக்கடாக்களில் முடிகிற அந்த வரிசை தமிழ்நாட்டு மேடைகளில் இன்னும் நிற்கிறது. அவருடைய குரு பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார், ராமநாதபுரம் சமஸ்தான வித்வான். அதே ராமநாதபுரத்தின் பெயரைத் தன் பெயரோடு வைத்திருந்த பாடகர் ராம்நாட் கிருஷ்ணன், 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். அங்கே இசைத்தட்டும் போட்டார்கள். ராமநாதபுரம் முருகபூபதியின் மிருதங்கத்தைத் தெரியாத கச்சேரி ரசிகர் குறைவு. நாங்கள் அந்த ரகமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். எப்படித் தெரியும்? ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லையே. பேக்கரும்பில் 2017இல் திறந்த கலாம் நினைவிடத்தில் வீணையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் சிலை முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொள்கிறோம். வண்டிக்குத் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து குத்துப் பாட்டு.

பெண்களைக் கேட்டதே கிடையாது என்பதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. குடும்பத்தோடு போன பயணங்களிலும் நாங்கள்தான் டேப்புக்குப் பக்கத்தில். முளைப்பாரிக்கு ராவெல்லாம் சுற்றிவந்து கும்மியடித்துப் பாடத் தெரிந்த அத்தைமார் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டுக்குக் கேசட் தேவையில்லை, டேப்பை நிறுத்தினாலே போதும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டும் அப்படியே. எங்கள் வண்டி ஜன்னலை ஏற்றிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போயிருக்கும்.

இப்போது போன் வந்துவிட்டது. இருபது பாட்டு என்ற கட்டாயம் இல்லை. எதையும் அடிக்காமல் ஆயிரம் பாட்டை அடுக்கலாம். இடம் போதாது என்பது பழைய சாக்கு, அதுவும் இப்போது இல்லை. அப்படியும் புளூடூத்தோடு முதலில் சேர்வது அதே இரண்டு மூன்று போன்கள். மற்றவர்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தங்கள் பாட்டைத் தனியாகக் கேட்கிறார்கள். சண்டை இப்போதும் இல்லை.

அடுத்த பயணத்துக்கு ஆளுக்கு மூன்று பாட்டு, டிரைவருக்கும் மூன்று என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறோம். அத்தைமாரிடம் நேரிலேயே போய்க் கேட்பதாகத் திட்டம். அந்த 1992ஆம் வருஷத்துப் பாட்டை வைப்பதா, வேண்டாமா என்றும் அதே குழுவில் கேட்டோம். ராஜா பாட்டுதானே, இதில் என்ன இருக்கிறது என்று உடனே பதில் போட்டவர்கள் யாரென்று பார்த்தால், பழைய நோட்டுத்தாளில் பட்டியல் எழுதிய அதே ஆட்கள். அவர்களைத் தவிர்த்து மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் அடித்துக்கொண்டிருக்கிறோம்.