கோழிக்கு மூச்சிரைப்பா? மாத்திரையைத் தொடுமுன் யோசியுங்கள்!

கோலார் தங்கவயலில் 2001-ம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டபின், லைன் வீடுகளில் வாழும் தமிழர்களில் பலர் விடியுமுன் மாரிக்குப்பம் ரெயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். வீட்டில் இருக்கும் பெண்களின் கைச்செலவுக்குப் பல இடங்களில் துணையாக இருப்பது பின்கட்டில் மேயும் நாலைந்து நாட்டுக்கோழிகள்தான். ஒரு சேவலை விற்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் செருப்பு வாங்கலாம். ஆகவே ஒரு கோழி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து 'கர்... கர்...' என்று மூச்சு வாங்கினால் வீடே கலங்கிப் போகிறது.

அப்போது என்ன நடக்கிறது? பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "சளிதான் அக்கா, அரை மாத்திரை குடுங்க, சரியாப் போயிடும்" என்கிறாள். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி, பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் மாத்திரை அலமாரியில் கிடக்கிறது. இல்லாவிட்டால் மருந்துக் கடை இருக்கவே இருக்கிறது. மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கோழியின் வாயில் திணிக்கிறார்கள். கோழி பிழைத்தால் மாத்திரைக்குப் புகழ். செத்தால் விதியின்மேல் பழி!

அந்தப் பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் செய்வது தவறு என்பதில் ஐயமில்லை.

எல்லாம் சளி அல்ல

கோழிக்கு மூச்சிரைப்பு வரக் காரணம் ஒன்றல்ல. கொத்துக்கொத்தாகக் கோழிகளைக் கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். 1920-களின் கடைசியில் இமயமலை அடிவாரப் பக்கத்து ராணிகேத் ஊரில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. முதலில் மூச்சு வாங்கும். பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். இது வைரஸ் நோய். வைரசை எந்த ஆன்டிபயாடிக்கும் கொல்லாது. அரை மாத்திரை அல்ல, அட்டை முழுவதும் கொடுத்தாலும் பலன் இல்லை. தொண்டைக்குள் அம்மை கண்டு மூச்சடைக்கும் கோழிக்கும் இதே கதிதான்.

மருந்து கேட்கும் நோய்களும் இருக்கின்றன. மூக்கு ஒழுகி, முகம் வீங்கி, நாற்றம் அடிக்கும் சளி நோய் பாக்டீரியாவால் வருவது. நாள்பட்ட சுவாச நோய் என்று மருத்துவர்கள் சொல்வது மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமியின் வேலை. பென்சிலின் வகை மருந்துகள் கிருமியின் உடல் சுவரைத் தாக்கிக் கொல்பவை. இந்தக் கிருமிக்கோ அந்தச் சுவரே கிடையாது. பென்சிலின் அங்கே போய் எதைத் தாக்கும்? வேறு சில மருந்துகளுக்கு இது அடங்கும். ஆனால் அடங்குமே தவிர, அடியோடு போகாது. தேறிய கோழி கிருமியைச் சுமந்துகொண்டே திரியும். அதன் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

சில சமயம் நோயே இராது. வாரக்கணக்கில் எச்சம் அள்ளாத கூண்டின் நெடியும், பக்கத்து அடுப்பின் புகையுமே கோழியைத் திணறடிக்கும். அதற்கு மருந்து துடைப்பந்தான்.

எது எந்த நோய் என்பதைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். திடீரென்று பல கோழிகள் சேர்ந்து செத்தால் அறுக்காமல், விற்காமல், உடனே கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும். பறவைக் காய்ச்சல் 2006-ல் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் தலைகாட்டியதை மறக்கக் கூடாது.

முட்டை யாருக்கு?

மருந்து தின்ற கோழி மறுநாள் முட்டை இடுகிறது. அந்த முட்டை வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வருகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் சில நாட்கள் அது முட்டையில் இருக்கும். கோழிகளுக்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்தின் ஒரு பகுதி அதன் உடலில் சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. அதுவோ மனிதருக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்து. கோழியிடம் பழகித் தேறிய கிருமி மனிதனுக்குத் தொற்றினால் அந்த மருந்து வேலை செய்யாது. இதனால்தான் அமெரிக்காவில் 2005-ல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதைத் தடை செய்தார்கள். இந்தியாவும் 2019-ல் கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது.

"பெரிய பண்ணைக்காரன் மூட்டை மூட்டையாகப் போடுகிறானே, அவனைக் கேட்பவர் யார்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவனையும் கேட்கத்தான் வேண்டும். அதற்காக நம் பிள்ளை தின்னும் முட்டையில் நாமே மருந்தைக் கலப்பானேன்?

வெள்ளைக்கழிச்சலுக்கு வழி தடுப்பூசிதான். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. செலவு அற்பம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். அதைக் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். நாலு கோழி வைத்திருக்கும் வீட்டுக்காக ஒரு குப்பியை யார் உடைப்பார்கள்?

கால்நடை மருந்தகம் திறந்திருக்கும் நேரத்தில் வீட்டு ஆண்கள் ரெயிலிலும் வேலையிலும் இருக்கிறார்கள். வயதான பெண்கள், கன்னடத்தில் நோயை எப்படி எடுத்துச் சொல்வது என்று தயங்கியே போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் இருக்கும் அவர்களுடைய சொந்தக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுகிறார்கள்.

லைன் வாசிகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கும்படி கால்நடைத் துறையைக் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. மன்றங்களும் தெருச் சங்கங்களும் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் பிரிக்கத் தெரிந்தவைதான். அதேபோல் வீடு வீடாகப் போய்க் கோழிகளை எண்ணி, மனு எழுதி, மருந்தகத்தில் கொடுக்கட்டும். ஒரு லைனில் 25 வீடு, வீட்டுக்கு நாலு கோழி என்றால் நூறு ஆயிற்று. ஒரு குப்பி சரியாகப் போகும்.