பிடித்தால் மட்டும் போதுமா?



சென்ற திங்கள் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு பல் உறை. தாடையெலும்பில் பதித்த செயற்கை வேரின்மேல் ஒட்டியிருந்த உறை அது. "இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு, கழன்று விழும்படியாகவா ஒட்டுவது, சாமி?" என்று மனம் வெதும்பினார். கடைப் பசையால் தாமே ஒட்டிக்கொள்ளவும் எண்ணியிருந்தார். அதைத் தடுத்து, மருத்துவரிடம் அனுப்பி வைத்தோம். அவருடைய வினா பலருக்கும் உரியது. ஆதலால் இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

டைட்டானியம் உயிருள்ள எலும்போடு இறுகப் பிணைவதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரோனெமார்க் 1952இல் கண்டார். 1965இல் நோயாளி ஒருவருக்கு அவ்வுலோகத்தாலான செயற்கைப் பல்வேர்களைப் பொருத்தினார். இன்று அத்தகைய வேரின்மேல் ஒரு தாங்கியும், தாங்கியின்மேல் உறையும் அமைக்கிறார்கள். உறையைத் திருகால் முடுக்குவது ஒரு முறை. பல் சிமெண்டால் ஒட்டுவது மற்றொரு முறை.

சிமெண்டுகள் பலவகை. துத்தநாக ஆக்சைடோடு, கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினாலைச் சேர்த்துக் குழைப்பது தற்காலிகச் சிமெண்டு. அதன் பிடிப்பு மெல்லியது. துத்தநாக பாஸ்பேட் அதனினும் வலியது. ரெசின் சிமெண்டு பொதுவாக மிக வலியது. கண்ணாடி அயனோமர் இயற்கைப் பல்லின் சுண்ணச் சத்தோடு பிணைவது; உலோகத் தாங்கியிலோ அச்சத்து இல்லை. ஆகவே, இயற்கைப் பல்லில் கண்ட பலன் இங்கு அப்படியே கிட்டும் எனக் கொள்ளலாகாது. தாங்கியின் வடிவமும் முக்கியம். உயர்ந்து, பக்கங்கள் ஏறத்தாழ இணையாக நின்றால் மெல்லிய சிமெண்டே போதுமானதாகலாம். குட்டையாகவும் கூம்பாகவும் இருந்தால் பிடிப்புக் குறையும்.

அப்படியாயின் எப்போதும் வலியதையே பூசினால் என்ன? உள்ளிருக்கும் திருகு என்றேனும் தளரக்கூடும். அப்போது உறையைக் கழற்ற வேண்டும். கழலாவிடில் அறுத்தெடுக்க நேரும். அதனினும் கொடியது, பிதுங்கி வழிந்த சிமெண்டு ஈறுகளின் அடியில் தங்கிவிடுவது. அதனால் ஈறு வீங்கிக் குருதி கசியும். நாளடைவில் எலும்பும் கரையலாம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயுற்ற செயற்கை வேர்களுள் 81 விழுக்காட்டில் இத்தகைய எச்சம் காணப்பட்டது. அதனை அகற்றியபின் 74 விழுக்காட்டில் நோய்க்குறிகள் நீங்கின. எனவே, எவ்வளவு வலியது என்பதோடு, எவ்வளவு குறைவாகப் பூசினார்கள், எவ்வளவு தூய்மையாக அகற்றினார்கள் என்பதும் கேட்கத்தக்கதே.

முதியவரின் மருத்துவர் மெல்லிய சிமெண்டை அறிந்தே இட்டிருந்தாராம். உறையும் தாங்கியும் சேதமுறாததால், துடைத்துச் சீராக்கி அன்றே மீண்டும் ஒட்டிவிட்டார்.

உறை கழன்றால் பத்திரமாக ஒரு டப்பியில் இட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்; பசை வேண்டாம். கழலாமல் உறுதியாக நிற்கும் உறையைச் சுற்றி வீக்கமோ குருதியோ சீழோ கண்டால், வலியில்லையே என்று வாளாவிராதீர்கள். கழன்ற உறை உடனே தெரிந்துவிடும்; ஈறுக்குள் மறைந்த சிமெண்டோ பேசாமல் எலும்பை அரிக்கும்.