சேலத்தில் நின்றுபோன வேலை

கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, இப்போது பிளஸ் ஒன் சேர்ந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண், போன மாதம் வேதியியல் புத்தகத்தோடு வந்தாள். "தாத்தா, ரிடக்‌ஷன்னு போட்டிருக்கே, அது நாங்க படிச்ச ஒடுக்கந்தானா?" என்றாள். வகுப்பில் கேட்க வெட்கமாம். பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண்.

நான் டிப்ளமோக்காரன், ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்தவன். தண்டவாளங்களைத் தெர்மிட் முறையில் வெல்டிங் செய்வதை அவளுக்குச் சொன்னேன். இரும்பு ஆக்சைடையும் அலுமினியப் பொடியையும் கலந்து மூசையில் தீ மூட்டினால், அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். இரும்பு 2,000 டிகிரிக்கும் மேலான சூட்டில் உருகி, தண்டவாள இடைவெளியில் இறங்கும். ஆக்சைடு இரும்பானதே ஒடுக்கம். "இவ்வளவுதானா?" என்றாள். இவ்வளவுதான். அதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்கவென்றே ஒரு சங்கம் தொடங்கி, இதழும் வெளியிட்டார்கள். வேதியியல் சொற்களும் அதில் அடக்கம். சங்கம் நிலைக்கவில்லை. எட்டாண்டு கழித்து, 1924-இல், கல்கத்தாவில் இந்திய வேதியியல் கழகம் பிறந்தது. லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜே. சி. கோஷ், ஜே. என். முகர்ஜி, பட்நாகர் ஆகியோர் கண்ட கனவு அது. ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் முதல் தலைவர். அன்று தொடங்கிய ஆய்விதழ் இன்றும் வருகிறது. கழகம் 2024-இல் நூறாண்டு கண்டுவிட்டது.

கல்கத்தாக்காரர்களின் இதழ் ஆங்கிலத்தில் வந்தது. எழுதவும் படிக்கவும் கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் இருந்தன. சேலத்துச் சொற்களை யார் பயன்படுத்துவது? கல்லூரியில் பாடம் முழுவதும் ஆங்கிலம். ஏற ஆளில்லாத ஸ்டேஷனில் எத்தனை நாள் வண்டி நிற்கும்? ராஜாஜி மட்டும் விடவில்லை. பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' எழுதினார்.

இன்று ஏற ஆள் இருக்கிறது. சித்தூர் வட்டத்திலும், இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு பக்கத்துத் தோட்டங்களிலும் நம் பிள்ளைகள் தமிழ் வழியில் படிக்கிறார்கள். பிளஸ் ஒன்னில் ஆங்கிலம் வந்து முட்டுகிறது, கூடவே மலையாளம். மலையாளத்தில் மூலகம், இலங்கைத் தமிழிலும் மூலகம்; நமக்குத் தனிமம். எல்லாம் ஒரே எலிமெண்ட்தான் என்று பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

நம் சங்கம் ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு வருத்தமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுபவன்தான் நானும். ஓராண்டு மட்டும் பந்தல் செலவை மிச்சம் பிடித்து, தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் வேதியியல் சொற்களைத் தரும் சிறு கையேடு ஒன்றை அச்சிடலாம். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். ராய் பிறந்தநாள் ஆகஸ்ட் 2. அன்று கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். அச்சுப்பிழை பார்க்கும் வேலையை எனக்குத் தாருங்கள். மூணாறுக்குக் கொண்டுபோகும் பஸ் செலவும் என்னுடையது.